குறட்டின் வாயைப் பார்த்து வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பு செட்டியார் தெரு நகைப் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு நான் இன்று சொல்லப் போவது ஒன்றும் புதிதல்ல. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டில் இருந்தபடியே மணி கோர்த்து, தோடும் சங்கிலியும் செய்து விற்கிற பிள்ளைகளை நினைத்துத்தான் வந்திருக்கிறேன். அவர்கள் திருத்தக் கொண்டுவரும் சாமான்களில் அடிக்கடி கண்ணில் படுவது, கம்பியில் பல் பதிந்த தழும்பு. கை நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். குறடுதான் கடித்திருக்கும்.

பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய்க் குறடு கேட்டால், வாயின் உட்பக்கம் வரிவரியாகப் பல் வெட்டிய ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். மின்சார வேலைக்கு அது நல்ல கருவி, வழுக்காமல் பிடிக்க அந்தப் பல் வேண்டும். ஆனால் வெள்ளியும் 22 கரட் தங்கமும் மென்மையானவை. 22 கரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு சுத்தத் தங்கம். அதில் உருக்குப் பல் பதிந்தால், தழும்பை அரத்தால் எடுக்கும்போது தங்கமும் கூடவே போகும். ஆகவே நகை வேலைக்கு உள்வாய் வழவழப்பாக இருக்க வேண்டும். ஓரங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கூராக இருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து மழுக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது மூட்டு. ஒரு பாதி மற்றப் பாதியின் நடுவே நுழைந்து போகும் மூட்டு, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஆணி அடித்ததைவிட நீண்ட காலம் ஆடாமல் நிற்கும். கடையிலேயே குறட்டைப் பாதி திறந்து, வாயைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். பிறகு மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனிகள் ஒன்றையொன்று விலகிப் போகாமல் நேராகச் சந்திக்க வேண்டும்.

தொடங்குவதற்கு மூன்று குறடு போதும்: கூர்வாய், தட்டைவாய், உருண்டைவாய். சங்கிலி வளையத்தைத் திறக்க முதல் இரண்டையும் இரு கையிலும் பிடித்து, ஒரு முனையை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் இழுத்து விரித்தால் வட்டம் குலைந்துவிடும், அப்புறம் பழைய வட்டம் வராது. உருண்டைவாயால் வளையம் திறக்கவே வேண்டாம். அதன் வாய் கம்பியை மிகச் சிறிய இடத்தில் மட்டுமே தொடுவதால் முழு அழுத்தமும் அங்கே இறங்கிப் பள்ளம் விழும். அது கொக்கியும் சுருளும் வளைக்கத்தான். வாயில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு அதே இடத்தில் வளைத்தால், இரண்டு தோட்டின் கொக்கியும் ஒரே அளவாக வரும்.

இனி கட்டர். காசைச் சேர்த்து வைத்து நல்லதாக வாங்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. சாதாரணக் கட்டர் வெட்டிய கம்பியின் இரண்டு முனையும் ஓட்டுக்கூரை மாதிரிச் சரிந்து கூராக நிற்கும். காதுக்குள் போகும் கம்பியில் அந்தக் கூர் இருந்தால் தோலைக் கீறும். ஃபிளஷ் கட்டர் ஒரு பக்கத்தையாவது தட்டையாக வெட்டித் தரும், அதன் தட்டை முகம் நீங்கள் வைத்துக்கொள்ளும் துண்டின் பக்கம் இருக்க வேண்டும். வளையம் செய்யும்போது இரண்டு முனையும் தட்டையாக வேண்டுமே. அதற்கு ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டரைத் திருப்பிப் பிடியுங்கள். சுவீடனின் லிண்ட்ஸ்ட்ரோம் இந்த வேலைக்குப் பெயர் போனது, விலையும் அதற்கேற்றதுதான். அமெரிக்காவின் சூரோன் கட்டரில் அலகுகள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று கடந்து வெட்டும். வீட்டில் செய்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

மெமரி வயரை, அதாவது காப்புச் செய்ய வரும் சுருள் குலையாத கம்பியை, இந்தக் கட்டர்கள் எதிலும் வெட்டாதீர்கள். அது கடினப்படுத்திய உருக்கு. செம்புக்கும் வெள்ளிக்கும் செய்த மெல்லிய அலகில் ஒரே வெட்டில் பொளிவு விழலாம். அதற்கென்று தடித்த கட்டர் ஒன்றைத் தனியே வைத்திருங்கள். வெட்டும்போது கம்பியின் நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்து மற்றக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியும் போடுங்கள். தெறிக்கும் துண்டு கண்ணைத் தேடி வரும்.

பற்றவைத்த வெள்ளியைச் சுத்தம் செய்யப் போடும் அமிலத்தில் இருந்து எடுக்க இரும்புக் குறடு கூடாது. இரும்பு பட்டால் அமிலத்தில் கரைந்திருக்கும் செம்பு நகையின் மேல் படிந்து சிவந்துவிடும். செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். கொழும்பின் கடற்காற்றில் உருக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும், வியர்வைக் கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, மூட்டில் ஒரு துளி தையல் மெஷின் ஒயில் விட்டு, சில தரம் திறந்து மூடி, மிச்ச எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு மூடிய பெட்டியில் வையுங்கள்.