உங்கள் அறுக்குளாக் குழம்புக்குச் சீஷெல்ஸில் ஒரு கணக்குக் கொப்பி!

[திரையில்: கொதிக்கிற குழம்புச் சட்டி]

வணக்கம் உறவுகளே. இந்தச் சட்டிக்குள் கிடக்கிற அறுக்குளா, இன்று விடிய யாழ்ப்பாணத்துப் பாசையூரில் வாங்கியது. விலையைக் கேட்காதீர்கள், வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை. இந்த மீன் சீஷெல்ஸ் தீவில் இருக்கிற ஓர் அலுவலகத்தின் கணக்கில் ஏற வேண்டியது என்று சொன்னால் நம்புவீர்களா?

பின்னணியைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். சீஷெல்ஸின் தலைநகர் விக்டோரியாவில் இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழு இருக்கிறது. இலங்கை அதில் உறுப்பு நாடு. 16 வகை மீன்கள் அதன் பொறுப்பில். சூரை வகைகள், வாள்மீன் எல்லாம் சரி, எதிர்பார்த்ததுதான். அந்தப் 16க்குள் நம்முடைய அறுக்குளாவும் இருக்கிறது! போன ஆண்டு எவ்வளவு பிடித்தோம், எந்தக் கடலில், எந்த வலையில், மீன் என்ன நீளம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் நாடு கணக்குக் கொடுக்க வேண்டும்.

கொடுக்காவிட்டால்? ஒழுங்காகக் கொடுக்காமல் இருந்து பார்த்தோம். 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டியது. 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை. 2015 ஜனவரியிலிருந்து இலங்கைப் படகுகள் பிடித்த மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகவே முடியவில்லை. 2013இல் மட்டும் அங்கே போன மீனின் பெறுமதி 7 கோடியே 40 இலட்சம் யூரோ. மீன் பழுதில்லை. படகு எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி இல்லை, பிழை விட்டவருக்குத் தண்டம் போதாது, ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய கணக்கு ஒழுங்கில்லை. படகுகளுக்குச் செய்மதிக் கருவி பூட்டி, சட்டத்தைத் திருத்தி, 2016 ஜூனில்தான் தடை நீங்கியது.

[திரையில்: மயிலிட்டித் துறைமுகம், காலை]

இனி எனக்குப் பிடித்த பகுதி. கட்டுமரத்திலும் பைபர் வள்ளத்திலும் கொப்பி எழுதுவதில்லை. ஆழ்கடலுக்குப் போகிற பலநாள் படகுகளில்தான் லொக் புத்தகம் என்று ஒரு கொப்பி இருக்கும். திகதி, இடம், எத்தனை தூண்டில் விட்டார்கள், எந்த மீன் எத்தனை, எத்தனை கிலோ, எதைத் திரும்பக் கடலில் போட்டார்கள் என்று படகை நடத்துகிற தண்டையல் எழுத வேண்டும். மயிலிட்டியில் ஒரு தண்டையல் அண்ணையிடம் கெஞ்சி அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. திங்கள் 100 கிலோ. செவ்வாய் 150. புதன் 100. வியாழன் 200. நான் புரட்டிய மூன்று பக்கமும் ஒரே பேனை, ஒரே சாய்வு.

"அண்ணை, கடலில மீன் எல்லாம் அம்பது அம்பதாத்தான் வருமோ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நைலோன் கயிறு கிழித்த கோடு, உப்புப் பட்டு வெடித்த தோல். "இது பேனை பிடிக்கிற கையோ தம்பி? கரைக்கு வாற அண்டைக்கு இருந்து எழுதினது" என்றார்.

நம்முடைய ஊர்க் கடைக் கொப்பி ஞாபகம் வருகிறதா? அன்றன்று எழுதினால் சீனி 375 கிராம், பருப்பு 243 ரூபாய் என்று உடைந்த எண்ணாக இருக்கும். மாதக் கடைசியில் ஒரேயடியாக நினைத்து எழுதினால் எல்லாம் 500, 1000. கணக்கைப் பார்க்கிற விஞ்ஞானிகள் முதலில் தேடுவதே இதைத்தான். வெறும் பூச்சியத்தில் முடிகிற எண்கள் வரிசையாக வந்தால், இது நிறுத்துப் போட்டதில்லை, நினைத்துப் போட்டது என்று பிடித்துவிடுவார்கள். செய்மதிக் கருவி சொல்கிற இடமும் கொப்பி சொல்கிற இடமும் ஒத்துப்போகாவிட்டால் கதை இன்னும் மோசம். என்னைக் கேட்டால், அந்த அண்ணையில் பிழை சொல்ல மாட்டேன். ஆடுகிற படகில், நித்திரையில்லாத மனிதரிடம் இத்தனை கட்டம் போட்ட கொப்பியைக் கொடுத்தது யார்? நனையாத கொப்பி, குறைந்த கட்டங்கள், அவர் பேசுகிற மொழியில் மீன் பெயர், பக்கத்தில் படம். இவ்வளவும் செய்துவிட்டுத் தண்டம் அறவிடலாம்.

மீன் பெயர் என்றதும் இன்னொன்று, இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மஞ்சள் துடுப்புச் சூரையும் பெரிய கண் சூரையும் குஞ்சாக இருக்கும்போது அச்சு அசலாக ஒரே மாதிரி. பழகியவர்களே தடுமாறுவார்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். எப்படிப் பிரிப்பது? வயிற்றைக் கீறி ஈரலைப் பாருங்கள்! ஈரலில் மெல்லிய கோடு கோடாக நரம்போடினால் பெரிய கண் சூரை. மழமழவென்று வெறுமையாக இருந்தால் மஞ்சள் துடுப்பு. சாதகம் பார்ப்பது மாதிரி ஈரல் பார்க்கிறார்கள்.

கொப்பியில் இன்னொரு விசயமும் இருக்கிறது: உடம்பு நீளத்துக்கு வாலும் நீளமான ஒரு சுறாவை, ஆணைக்குழுவின் விதிப்படி 2010இலிருந்து படகில் ஏற்றவே கூடாது. வலையில் பட்டால் விட்டுவிட வேண்டும், விட்டதையும் எழுத வேண்டும்.

சரி, கொப்பியே இல்லாத நம்முடைய சின்ன வள்ளங்களின் அறுக்குளா எப்படிச் சீஷெல்ஸ் போகிறது? கரையில் மாதிரி எடுத்துத்தான். ஒருவர் இறங்குதுறைக்கு வந்து சில வள்ளங்களின் மீனை நிறுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை அளந்து, அன்றைக்கு எத்தனை வள்ளம் போனது என்று எண்ணி, பெருக்கிப் போடுவார். ஒரு தொன்னுக்குக் குறைந்தது ஒரு மீனாவது அளக்க வேண்டும் என்பது ஆணைக்குழுவின் விதி. அவர் வருகிற நாள் நிறைய மீன் பட்ட நாளென்றால் முழுக் கரையும் பணக்காரக் கரையாகிவிடும்! போர்க்காலத்தில் வடக்கில் இந்தக் கணக்கே ஒழுங்காக எடுக்க முடியவில்லை. அறுக்குளாவின் நிலையைக் கணிக்கிறவர்களோ பெரும்பாலும் இந்தப் பிடித்த தொகையை மட்டும் நம்பித்தான் கணிக்கிறார்கள். அது பிழைத்தால் எல்லாமே பிழைக்கும்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். மீனை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது என்பதற்கு, அது எந்த நாட்டுக் கடலில் பட்டது என்று பார்க்க மாட்டார்கள், படகில் எந்த நாட்டுக் கொடி என்றுதான் பார்ப்பார்கள். இரவில் இந்திய இழுவைப் படகான றோலர் வந்து நம்முடைய வலையையும் அறுத்துக்கொண்டு அள்ளிப்போகிற மீன் நம் கொப்பியில் ஏறாது. 2017இல் இங்கே இழுவைமடிக்குச் சட்டத்தால் தடை போட்டாயிற்று. கடலுக்குச் சட்டம் வாசிக்கத் தெரியுமா என்ன?

குழம்பு வற்றுகிறது, நான் போகிறேன். போக முன் ஒரு உதவி. அந்த நீளவால் சுறாவுக்கு உங்கள் கரையில் என்ன பெயர்? குருநகரில் ஒன்று சொன்னார்கள், பருத்தித்துறையில் வேறொன்று சொன்னார்கள். கீழே எழுதுங்கள், ஊர்ப் பெயரும் சேர்த்து.