அந்த ஒரு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

2003 மார்ச் 23. ஈராக் போர் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானம் ஒன்று வேலையை முடித்துக்கொண்டு குவைத்தில் இருந்த தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைப் பிரிவு ஒன்று. வானத்தில் வந்த புள்ளியைப் பார்த்த அதன் கணினி, ரேடாரைத் தாக்க வரும் எதிரி ஏவுகணை என்று சொல்லிவிட்டது. 'நான் உங்கள் பக்கத்து ஆள்' என்று பதில் சொல்ல வேண்டிய கருவி விமானத்தில் வேலை செய்திருக்காது என்றே பிறகு நடந்த விசாரணை கருதியது. திரைக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவருமே இறந்துபோனார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு பேட்ரியட் பிரிவு அமெரிக்கக் கடற்படையின் சொந்த விமானத்தையே வீழ்த்தியது. அதிலும் விமானி பிழைக்கவில்லை.

டொர்னாடோவைச் சுடச் சொல்லி முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள். ஏனென்றால் தன்னாட்சி ஆயுதங்களைப் பற்றி உலக நாடுகள் பேசும் இடமெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது: 'மனிதக் கட்டுப்பாடு இருக்க வேண்டும்.'

தன்னாட்சி ஆயுதம் என்றால் என்ன? இலக்கைத் தானே தேர்ந்தெடுத்து, மனிதர் குறுக்கிடாமல் தானே தாக்குவது என்கிறது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு. யோசித்துப் பார்த்தால் பழைய கண்ணிவெடியும் இந்த வகைதான். மிதிப்பது சிப்பாயா, சிறுவனா என்று அது கேட்பதில்லை. இப்போதைய கருவிகளுக்குக் கண்ணும் கணக்கும் வந்துவிட்டன, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் இடம் ஜெனீவா. சில வகை ஆயுதங்களைக் கட்டுப்படுத்த 1980-இல் உருவான ஓர் ஒப்பந்தத்தின் கீழ், 2014-இல் முறைசாராக் கூட்டங்கள் ஆரம்பித்தன. 2017-இல் அரசு நிபுணர் குழு கூடத் தொடங்கியது. 2019-இல் 11 வழிகாட்டு நெறிகள் வந்தன. நெறிகள்தான், சட்டம் அல்ல. அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும், ஒரு நாடு 'மாட்டேன்' என்றால் போதும். அதனால் சண்டை முழுக்கப் பெயரடைகளில் நடக்கிறது. 'பொருளுள்ள மனிதக் கட்டுப்பாடு' என்றார்கள் தடை கேட்கும் அமைப்புகள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 2012 உத்தரவிலோ 'தகுந்த அளவு மனிதத் தீர்மானம்' என்றுதான் இருக்கிறது. எது தகுந்த அளவு என்பதை யார் சொல்வது? அதைப் படைத் தளபதியே சொல்லிக்கொள்ளலாம். குழுவின் பிந்தைய வரைவில் 'சூழலுக்கேற்ற மனிதத் தீர்மானமும் கட்டுப்பாடும்' என்று இரண்டையும் ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆயுதம் களத்துக்கு வரும் முன்பே தடை போட்டதே கிடையாதா என்றால், உண்டு. கண்ணை நிரந்தரமாகக் குருடாக்கவே செய்யப்பட்ட லேசர் ஆயுதங்களை இதே 1980 ஒப்பந்தத்தின் நெறிமுறை ஒன்று 1995-இல் தடை செய்தது. அது முடிந்ததற்குக் காரணம், தடை செய்யப்படும் பொருள் இன்னதென்று கைகாட்ட முடிந்ததுதான். தன்னாட்சி அப்படிக் கைக்கு அகப்படும் பொருள் இல்லை. காலையில் ஆள் ஓட்டிய அதே ட்ரோன், மதியம் மென்பொருளை மாற்றினால் தானே வேட்டையாடலாம். வெளியே திருகாணி ஒன்றுகூட மாறியிருக்காது. ஆய்வாளர் வந்து எதைத் திறந்து பார்ப்பார்?

ஜெனீவாவில் நகராததால் விஷயம் நியூயார்க்குக்குப் போனது. 2023 அக்டோபரில் ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெசும் செஞ்சிலுவைக் குழுத் தலைவர் ஸ்போல்யாரிச்சும் சேர்ந்து, 2026-க்குள் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த டிசம்பரில் தன்னாட்சி ஆயுதங்களைப் பற்றிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவு, 4 எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் ரஷ்யாவோடு இந்தியாவும் இருந்தது. இதைப் பேச ஜெனீவாதான் சரியான இடம் என்பது இந்தியாவின் வாதம். அடுத்த ஆண்டு ஆதரவு 166, எதிர்ப்பு 3. எண்ணிக்கை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் யார் கையையும் கட்டாது.

அப்புறம் ஹேக் நகரிலும் சியோலிலும் நடந்த மாநாடுகள். ராணுவச் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்துவோம் என்ற உறுதிமொழிகள் அங்கே வந்தன. சியோல் ஆவணத்தில் சீனா சேரவில்லை. எனக்கு இவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. மீறினால் என்ன என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் பெருவின் தலைநகர் லிமாவில் சந்தித்த அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுத முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். இரண்டு பெரிய போட்டியாளர்கள் அந்த அளவுக்கு ஒரே குரலில் பேசியதே பெரிய விஷயம்.

எனக்கு உறுத்துவது வேறு. ஜெனீவாவில் பேசப்படுவது தானே சுடும் ஆயுதம். போர்க்களத்தில் வேகமாகப் பரவுவதோ இலக்குகளைப் பட்டியலிட்டுக் கொடுக்கும் மென்பொருள். 'இன்னார், இந்த வீடு' என்று அது சொல்கிறது, அதிகாரி சரி என்கிறார், குண்டு விழுகிறது. இது தன்னாட்சி ஆயுதம் ஆகாது. நடுவில் ஆள் இருக்கிறாரே! வரையறைக்கு வெளியே சத்தமில்லாமல் போய்விடும். செயற்கை நுண்ணறிவுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டமும் ராணுவப் பயன்பாட்டைத் தொடவில்லை.

சரி, ஓர் ஒப்பந்த வரைவு என் கைக்கு வந்தால், இந்த மூன்றைத்தான் தேடுவேன். கணினி காட்டும் இலக்கைச் சோதிக்க அந்த அதிகாரிக்கு எவ்வளவு நேரம்? கணினி எதை வைத்து அப்படிச் சொன்னது என்று அவரால் பார்க்க முடியுமா? 'வேண்டாம்' என்று சொன்னதற்காக அவர்மேல் நடவடிக்கை வருமா? டொர்னாடோவைச் சுட்ட பிரிவு அப்போது மேலிடத்தோடு நேரடித் தொடர்பில்லாமல் தனியாக இருந்தது. இன்னொரு பிரிவின் வானொலி வழியாகத்தான் பேச முடிந்தது, வானத்தின் முழுப் படம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வணக்கம்.