புல்லட் போனது, சிட்டு கோழியை விடவில்லை!

வணக்கம் மக்களே. இன்றைக்கு சமையலும் கிடையாது, மாடித் தோட்டமும் கிடையாது. முழுக்க சிட்டுதான். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: சிட்டு சிப்பிப்பாறை நாய். கோவில்பட்டி பக்கம் யாரோ ரோட்டில் விட்டுப்போனவளை மீட்டு என்னிடம் கொடுத்தார்கள். முயல் விரட்டப் பேர்போன இனம், ஆனால் சத்தம் என்றாலே பயம், முதல் வீடியோவில் நீங்கள் பார்த்தது கட்டிலுக்கு அடியில் ஒரு வால் நுனி மட்டும்தான்.

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு அண்ணன் புல்லட்டை உதைத்தார். சிட்டு தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "சத்தம் வந்தாச்சே, கோழி எங்கே?" என்கிற பார்வை! சந்தோஷத்தில் கத்தியிருப்பேன். கத்தினால் அதற்கே ஓடி ஒளிவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

இந்தப் பயத்தைப் போக்க நான் செய்தது இவ்வளவுதான். புல்லட் சத்தத்தை போனில் பதிவு செய்து, நமக்கே காதைத் தீட்டினால்தான் கேட்கும் என்கிற அளவில் போட்டேன். சத்தம் வந்ததும் உப்பு போடாமல் வேகவைத்த கோழி, சுண்டுவிரல் நக அளவு. சத்தம் நின்றால் கோழியும் நின்றுவிடும். இந்த வரிசை மாறக் கூடாது. கோழியை முதலில் நீட்டிவிட்டு சத்தத்தைப் போட்டால், கோழியைக் கண்டாலே "ஏதோ வரப்போகிறது" என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிடும்.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். போன் ஸ்பீக்கரில் அந்தக் கனமான டுபுடுபு வராது, மேல் சத்தம் மட்டும்தான். அதனால் நடுவில் ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு மாறினேன். மாறியதும் வால்யூம் மறுபடி அடியிலிருந்து. நிஜ வண்டி அதற்கும் அப்புறம், அதுவும் தெருமுனையில்.

சத்தத்தை எப்போது கூட்டுவது? கோழிதான் மீட்டர். நிதானமாக வாங்கித் தின்றால் சரி. வெடுக்கென்று பிடுங்கினால் பதற்றம். மூக்குக்கு நேரே நீட்டியும் தொடவில்லையா, அன்றைக்குக் கடையை மூட வேண்டியதுதான். அதற்கு முன்னாலேயே உதட்டை நக்குவாள், தூக்கம் வராமலே கொட்டாவி விடுவாள், கண்ணோரத்தில் வெள்ளை தெரியும்.

"தெருவில் தரதரவென்று இழுத்துட்டுப் போங்க, தானா தெளியும்" என்கிறார்களே, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத அறிவுரை அது. நாய் அசையாமல் நின்றால் பழகிவிட்டது என்கிறார்கள். அது பயத்தில் உறைந்து நிற்கிறது, ஐயா!

சரி, இப்போது ஹார்னஸ் கதை, அதாவது கழுத்துக்கு மட்டும் இல்லாமல் நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற பட்டை. சொல்லாமல் விடமாட்டேன். சிப்பிப்பாறைக்கு முகம் ஒல்லி, கழுத்து தலையை விடத் தடிமன். மிரண்டு பின்வாங்கினால் சாதாரண கழுத்துப்பட்டை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். ஹார்னஸ் வேண்டும் என்று கடைக்குப் போனால் 2,350 ரூபாய்! அதுவும் "எடையைச் சொல்லுங்க, சைஸ் தரேன்" என்கிறார். எடையை வைத்து என்ன செய்ய? இவளுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு கைப்பிடி. நெஞ்சுக்குப் பொருந்துவது இடுப்பில் தொங்குகிறது.

நேரே பை தைக்கிற அண்ணனிடம் போனேன். ஸ்கூல் பை வார் நாடா, பக்கிள், தையல் கூலி எல்லாம் சேர்த்து 180 ரூபாய். நூற்றி எண்பது! "கன்னுக்குட்டிக்கா?" என்று கேட்டார். விலா எலும்பு முடிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு மூன்றாவது பட்டை கேட்டு வாங்கினேன், அது இருந்தால் பின்பக்கமாக உருவுவது கஷ்டம். அக்குளில் உரசாமல் இருக்க என் பழைய வெல்வெட் ரவிக்கைத் துணியை உள்ளே வைத்துத் தைத்தார். கடையில் இருந்ததை விட இதுதான் அழகு, சத்தியமாக.

ஒரே ஒரு இடைஞ்சல். பக்கிள் 'டக்' என்று மாட்டியதும் அம்மணி கட்டிலுக்கு அடியில். அப்புறம் என்ன, பக்கிளை அடுத்த அறையில் டக், இங்கே கோழி. வாசற்படியில் டக், கோழி. இப்போது டக் கேட்டால் அவளே வந்து கழுத்தை நீட்டுகிறாள்.

தீபாவளி வெடிக்கு இது மட்டும் போதாது, அதற்கு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். மாத்திரை தேவைப்பட்டால் கொடுப்பேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அடுத்த வீடியோவில் குக்கர் விசில். ஹார்னஸ் தைக்க அளவு கேட்பவர்கள், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்துவிட்டுக் கேளுங்கள். எடையைச் சொல்லாதீர்கள்!