அசனச் சோறும் ரசவாளியும்

(நெல்லைச் சீமையில் ஒரு கிராமச் சபையின் அசனப் பண்டிகையில் பேசியது. எழுத்துக்காக அங்கங்கே சரிசெய்திருக்கிறேன்.)

ஐயரவர்களே, உபதேசியார் அவர்களே, சபையின் பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் பாயில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்காமல் சமையல் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

மேடை ஏறும்போது சபைச் செயலர் என் காதோடு ஒன்று சொன்னார். "சார், சோறு வடிக்கிறவரைக்கும் பேசுங்க. வடிச்சதும் நான் கையைக் காட்டுதேன்." பல வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு மணி அடிக்கும்வரை பேசுவது பழக்கம்தான். இங்கே மணிக்குப் பதில் அண்டா. சரி.

அசனம் என்றால் சாப்பாடு, வடமொழிச் சொல். நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சென்னையில் ஒரு நண்பர் நம் பண்டிகை நோட்டீசைப் பார்த்துவிட்டு, "உங்க கோயில்ல யோகாசனம் சொல்லிக் கொடுக்கிறாங்களா?" என்று கேட்டார். ஒருநாள் வந்து பாருங்கள், நாற்காலியில்கூட உட்கார முடியாத அளவுக்குச் சாப்பிடும் ஆசனம் அது என்று சொன்னேன்.

நேற்று சாயங்காலமே வந்துவிட்டேன். தரையில் நீளமாகக் குழி வெட்டி அடுப்புப் போட்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. யார் வீட்டு மருமகள் எப்போது வருகிறாள் என்பதில் தொடங்கி, போன வருஷம் குழம்பில் உப்பு ஏன் கூடியது என்பதுவரை எல்லாம் அங்கே விசாரிக்கப்பட்டது. ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அரிசியைச் சாக்கில் அவிழ்த்துக் கொட்டினார். இரண்டு கை அளவு இருக்கும். கணக்கு எழுதுகிற தம்பி, "பேர் சொல்லுங்க பாட்டி" என்றான். "உனக்குத் தெரியாதாக்கும் என் பேரு" என்று அதட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் காணிக்கை ஏலம். ஒரு சேவலை ஒருவர் ஏலத்தில் எடுத்தார். எடுத்த கையோடு மறுபடியும் சபைக்கே கொடுத்துவிட்டார். இன்னொருவர் எடுத்தார், அவரும் கொடுத்தார். மூன்று தடவை விலைபோன பிறகும் அந்தச் சேவல் உயிரோடுதான் இருக்கிறது. காலையில் ஆராதனைக்கு நடுவே கூவியது அதுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிலர் கேட்பார்கள்: "ஏன் சார், இதெல்லாம் ஆவிக்குரிய காரியமா? கூட்டுகிறோம், சமைக்கிறோம், சாப்பிடுகிறோம். இதில் கர்த்தர் எங்கே?" நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். நமக்குள் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. முகம் வாடியிருந்தால் பக்தி, சிரித்தால் விளையாட்டுத்தனம். ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து என்கிற தவக்கால நாட்கள் 40. அதை ஒழுங்காக ஆசரிக்கிறோம், கறி மீனை விடுகிறோம், கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தேவரை 50 நாட்கள். அது சந்தோஷத்தின் காலம், லெந்தைவிடப் பத்து நாள் அதிகம். அதை யாராவது ஆசரிக்கிறோமா? ஈஸ்டர் அன்று மத்தியானம் பிரியாணியோடு சந்தோஷம் முடிந்துவிடுகிறது. 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் போட்ட 20ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த ஐம்பது நாட்களிலும் யாரும் முழங்கால்படியிடக் கூடாது, நின்றுகொண்டுதான் ஜெபிக்க வேண்டும். உயிர்த்தெழுந்தவரின் ஜனங்கள் எழுந்து நிற்க வேண்டுமாம். சந்தோஷத்துக்கு ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தார்கள்.

இயேசுவின் மேல் அந்தக் காலத்தில் சொன்ன குற்றச்சாட்டு ஒன்றை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். "போஜனப்பிரியனும் மதுபானப்பிரியனுமான மனுஷன், ஆயக்காரருக்கும் பாவிகளுக்கும் சிநேகிதன்." இந்த வசனத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய வீட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் பாருங்கள், அந்த ஏச்சில் இரண்டு காரியம் ஒட்டிக்கொண்டு வருகிறது: சாப்பிடுகிறார், யாரோடு சாப்பிடுகிறார். எதிராளிகளுக்கு உறுத்தியது முதலாவதைவிட இரண்டாவதுதான். தனியாக உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் அவரை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் தண்ணீர் கொள்ளும் என்கிறார் யோவான். அந்தக் காலத்து அளவை இன்றைய கணக்குக்கு மாற்றினால், மொத்தம் ஏறக்குறைய 470 லிட்டரிலிருந்து 700 லிட்டர்வரை வரும். பந்தி முக்கால்வாசி முடிந்த பிறகு இவ்வளவா? குறைவுபட்டதை ஈடுகட்ட ஒரு சாடி போதும். கல்யாண வீட்டில் சாப்பாடு தட்டிப்போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். பெண் வீட்டுக்காரன் பத்து வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுவான். அந்தக் குடும்பத்தின் மானத்தைத்தான் முதல் அற்புதம் காப்பாற்றியது. குருடன் பார்த்ததும் செவிடன் கேட்டதும் அப்புறம்தான்.

அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தத் திராட்சரசம் எங்கேயிருந்து வந்தது என்று பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியாது. மணவாளனுக்கும் தெரியாது. "தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்குத்" தெரிந்திருந்தது. சமையல் கொட்டகையில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது! முன் வரிசையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ருசி பார்த்தார்கள், அவ்வளவுதான். (இதைச் சொல்லும்போது நான் மாலையோடுதான் நிற்கிறேன். தெரிகிறது.)

பவுல் பிலிப்பியருக்கு எழுதியதும் அப்படித்தான். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனம் எல்லா வீட்டுக் காலண்டரிலும் உண்டு. சிறைக் கட்டுகளில் இருந்துகொண்டு எழுதினார் என்பதும் தெரியும். அதற்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது? சபையில் இரண்டு பெண்கள், எயோதியாள், சிந்திகேயாள். அவர்களுக்குள் மனத்தாங்கல். ஒரே சிந்தையாயிருங்கள் என்று பேர் சொல்லிப் புத்தி சொல்கிறார், தன் உத்தம கூட்டாளி ஒருவரிடம் அவர்களுக்கு உதவச் சொல்கிறார், அதே மூச்சில் சந்தோஷமாயிருங்கள் என்கிறார். சண்டை போட்ட இரண்டு அம்மாக்களும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை. அந்த நேரத்தில் அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்?

நெகேமியாவையும் காலண்டர்காரர்கள் விடவில்லை. "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்." அரை வசனத்தைத்தான் அச்சடிக்கிறார்கள். அதே வசனத்தின் தொடக்கம் இது: "நீங்கள் போய்க் கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்." வேதத்தைக் கேட்டு அழுதுகொண்டிருந்த ஜனங்களிடம் சொன்னது. அழாதீர்கள் என்று சொல்லி அப்படியே விட்டுவிடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமையுங்கள், நெய் ஊற்றிச் சாப்பிடுங்கள், சமைக்க வழியில்லாத வீட்டுக்கு ஒரு பங்கு கொடுத்தனுப்புங்கள். பங்கை அனுப்பிய பிறகுதான் "பெலன்" என்கிற வார்த்தையே வருகிறது.

இப்போது நம் பக்கத்துக் கதை ஒன்று. பாளையங்கோட்டையில் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார், 1774இல். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போனார், சரபோஜி மன்னரோடு கூடப் படித்தார், கிறிஸ்துவைக் குறவஞ்சியில் பாடினார். அவருடைய முதிர்ந்த காலத்தில் புதிய மிஷனரிகள் வந்தார்கள். அவர்கள் செய்த நான்கு காரியங்களைச் சாஸ்திரியார் கொடுமைகள் என்றே எழுதினார். வேதத்தின் தமிழைத் திருத்தியது ஒன்று. பண்டிகையிலும் கல்யாணத்திலும் பூவை விலக்கியது ஒன்று. கோயிலில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் விலக்கியது ஒன்று. நான்காவது, எல்லாச் சாதியாரும் ஒன்றாகத்தான் நற்கருணை வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

முதலாவதைப் பற்றிப் பண்டிதர்கள் பேசட்டும். பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் போட்ட சண்டைக்கு நான் தலைவணங்குகிறேன். இன்று நாம் தாளம் தட்டிக் கீர்த்தனை பாடுகிறோம், பந்தலில் மல்லிகை தொங்குகிறது என்றால், அந்த மாதிரி ஆட்கள் பிடிவாதம் பிடித்ததும் ஒரு காரணம். ஆனால் நான்காவதில் அவர் தப்பு. பூவை விலக்கிய மிஷனரிகள் அதில் சரி. இது எனக்கு நெடுநாள் உறுத்தல். கொண்டாடத் தெரிந்த மனுஷனுக்குப் பந்தியைப் பகிரத் தெரியவில்லை. பந்தியைப் பகிரச் சொன்னவர்களுக்குக் கொண்டாடத் தெரியவில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, பல ஊர்களில் ஜனங்கள் சபையைவிட்டே எழுந்து போனார்கள். போனவர்கள் பாடத் தெரியாதவர்கள் அல்ல.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். எனக்குப் பத்து வயதில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம். எங்கள் ஊர் அசனத்தில் ஆராதனைக்கு எல்லோரும் வரலாம். பந்திக்கு மட்டும் ஒரு வரிசை உண்டு. தெற்குத் தெருக்காரர்கள், அவர்களும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள்தான், எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சட்டியில் வாங்கிக்கொள்ள வேண்டும். யாரும் உரக்கச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் என்னை நம்பி முதன்முதலாக ரசவாளியைக் கொடுத்தார்கள். எவ்வளவு பெருமை! மூன்றாம் பந்தி நடக்கும்போது பார்க்கிறேன், மதிலுக்கு மேலே ஒரு தலை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவன். கையில் தூக்குச்சட்டி. மத்தியானம் தாண்டிவிட்டது, அவன் இன்னும் சாப்பிடவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு கல்லின் மேல் ஏறி, எட்டி, அவன் சட்டியில் இரண்டு கரண்டி ரசத்தை ஊற்றினேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஏல, சோத்த எங்க?"

"அது அப்புறமா வரும்."

"அப்ப இத வச்சு வாய் கொப்பளிக்கவா?"

சிரித்தான். ஆனாலும் அந்த ரசத்தைக் குடித்தான். சோறு வரும்வரை அவன் நிற்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் காத்திருந்தது: "ரசம்". அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டான். மற்ற பையன்களுக்கு ஏன் என்று தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை வளர்ந்த பிறகு வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்கள் சாப்பிடக் கூடும்போது "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார். அதற்கு அவர் சொன்ன வழி என்ன? பெரிய உபதேசம் ஒன்றும் இல்லை. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அவ்வளவுதான். இலையைப் போட்டுவிட்டு, பக்கத்து இலைக்கு ஆள் வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருங்கள். வத்தக்குழம்பு வாசனை வரும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஊரில் அப்படிப் பின்வாசல் பந்தி கிடையாது என்று நேற்றே விசாரித்துக்கொண்டேன். சந்தோஷம். ஆனால் ஒன்று பார்த்தேன். நாலுவழிச் சாலைப் பக்கம் ஹாலோ பிளாக் போடுகிற இடத்தில் வடக்கத்திப் பையன்கள் வேலை பார்க்கிறார்கள். நேற்று இரவு ஏலம் நடக்கும்போது ஏழெட்டுப் பேர் வடக்குக் கேட்டுக்கு வெளியே நின்று, கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேவல் மூன்றாம் தடவை விலைபோனபோது அவர்களும் நம்மோடு சேர்ந்து கைதட்டினார்கள். பாஷை புரிந்ததோ என்னவோ, சேவல் புரிந்துவிட்டது. வேதத்தில் உபாகமம் என்ற புத்தகத்தில் பண்டிகைக்கு யார் யார் சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. பரதேசி என்றால் நாம் இன்று திட்டுகிற அர்த்தத்தில் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்து நம் வாசலில் பிழைக்கிறவன்.

அந்தக் கேட் இப்போதும் பூட்டித்தான் இருக்கிறது. மாடு வந்துவிடும் என்று பூட்டியிருப்பீர்கள், தப்பாக நினைக்கவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது? அந்த வெள்ளைச் சட்டைத் தம்பியிடமா? தம்பி, ஒரு நடை போய்த் திறந்துவிட்டு, அந்தப் பையன்களையும் கூட்டிவந்து முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள். நடுவில் நடுவில் உட்காரட்டும், மொத்தமாக ஒரு ஓரத்தில் வேண்டாம். இந்தி வராவிட்டால் பரவாயில்லை, கையைப் பிடித்துக் கூப்பிட்டால் போதும்.

செயலர் கையைக் காட்டுகிறார். சோறு வடித்தாகிவிட்டது, வாசனை இங்கேயே வருகிறது. பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், இனிமேல் நான் பேசினால் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். யாராவது என் கழுத்திலிருந்து இந்த மாலையைக் கழற்றிவிட்டு, ஒரு ரசவாளியைக் கொடுங்கள். இந்தத் தடவை சோறு விழுந்த பிறகுதான் ஊற்றுவேன்.