ஆலோசனைக்குப் போகும் பிள்ளைக்கு வீடு தரவேண்டிய இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

வளரிளம் பிள்ளை மனநல ஆலோசகரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், "உள்ளே என்ன பேசினே?" என்று பல பெற்றோர் கேட்டுவிடுகிறார்கள். அக்கறையில் எழும் கேள்விதான். ஆனாலும் கேட்காதீர்கள். பேசியதெல்லாம் வீட்டுக்கு வந்து சேரும் என்று தோன்றிவிட்டால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, பிறர் உயிருக்கு ஆபத்து, பிள்ளையை யாரோ துன்புறுத்துவது போன்றவற்றை ஆலோசகர் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். காதலும் மதிப்பெண்ணும் நட்புச் சண்டையும் பொதுவாக அறைக்குள்ளேயே இருக்கும். முதல் நாளே இதை இருதரப்பையும் உட்காரவைத்து அவர் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஒரு சந்திப்பு ஏறக்குறைய 50 நிமிடம், பெரும்பாலும் வாரம் ஒருமுறை. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) என்றால் 12 முதல் 16 சந்திப்புகள் வரை ஆகலாம். முதல் இரண்டு மூன்று, பிரச்சினையைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். "மூணு தடவை போயாச்சு, ஒண்ணும் மாறலை" என்று அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுவதுதான் பெரிய இழப்பு.

பதற்றத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் எழுந்து பேசப் பயப்படும் மாணவி லீவு போட்டால் அன்றைக்கு நிம்மதி. அந்த நிம்மதியே பயத்துக்குத் தீனி. அதனால் ஆலோசகர் அவளோடு சேர்ந்து, பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் எழுதுவார். தோழிக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டுவது 3. ஆசிரியரிடம் தனியே சந்தேகம் கேட்பது 5. வகுப்பின் முன் பேசுவது 9. மூன்றில் தொடங்கி, அது பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்தபின்தான் அடுத்தது. ஒரேயடியாக ஒன்பதுக்குத் தள்ளினால் பயம் கூடலாம். பிள்ளை தடுமாறும்போது அம்மாவோ அப்பாவோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அந்தப் பயிற்சி வீண்.

மனச்சோர்வில், மனம் சரியாகட்டும் என்று காத்திருக்கவிடாமல் பத்து நிமிட நடையைப் போன்ற சின்ன வேலையைச் சொல்வார்கள். செயல் முதலில், உற்சாகம் பின்னால்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்தை எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாலைந்து சந்திப்புக்குப் பிறகும் ஆலோசகரோடு பிள்ளைக்கு ஒட்டவில்லையா? அதை அவரிடமே சொல்லி, வேறொருவரைப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் அதற்குக் கோபப்பட மாட்டார்.