கார் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? கரண்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது: "வண்டி ஹைவேயில் நன்றாகத்தான் போகிறது, சிக்னலில் நின்றால் ஹீட் முள் ஏறுகிறது." பாதி விடை இந்தப் புகாரிலேயே இருக்கிறது. ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நின்றால் அந்த வேலை ஃபேனுடையது. அதோடு, நிற்கும்போது ஏசி குளிர்ச்சியும் குறைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், ஃபேனைப் பாருங்கள். ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்கும் அதே காற்றுதான். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் ஏறினால் கூலண்ட் அளவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டில் ஓடியது. எஞ்சின் சுற்றினால் ஃபேனும் சுற்றும், அவ்வளவுதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்தது. பெல்ட் பக்கவாட்டுக்குப் போய்விட்டது, ரேடியேட்டரோ முன்னால் இருக்கிறது. எனவே ஃபேனுக்குத் தனி மோட்டார். இன்றைய சின்னக் கார்கள் எல்லாமே கிட்டத்தட்ட இந்த அமைப்புதான்.

கரண்ட் போகும் வழி நீளமில்லை. பேட்டரி, ஃப்யூஸ், ரிலே, மோட்டார், எர்த். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச். அதற்கு "ஆன் ஆகு" என்று சொல்வது யார் என்பதில்தான் வித்தியாசம். பழைய கார்புரேட்டர் வண்டியில் அது ஒரு தெர்மோ சுவிட்ச். தண்ணீர் 95 டிகிரியை ஒட்டி வந்ததும் அதுவே இணைத்துவிடும். இப்போதைய வண்டியில் சென்சார் சூட்டை அளந்து சொல்லும், எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டரான இசிஎம் ஆணையிடும்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரஸர் பிடித்த கொஞ்ச நேரத்தில் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மோட்டார், ரிலே பக்கம் பெரும்பாலும் நலம். சுவிட்சையோ சென்சாரையோ பாருங்கள். கூலண்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும் சூடு சரியாகத் தெரியாது. சென்சார் கப்ளரை, அதாவது ஒயர் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டாலும் ஒரு தடயம் கிடைக்கும். பல வண்டிகளில் இசிஎம் பயந்துகொண்டு ஃபேனை ஓட விட்டுவிடும். செக் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0118 என்று கோட் விழலாம். மாட்டிய பிறகு அழித்துவிடலாம். இதையெல்லாம் செய்யும்போது கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது எந்த நொடியும் கிளம்பும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஏசி போட்டும் ஓடவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். 30 எரிந்தது என்று 40 போட்டால் அடுத்து ஒயர் உருகும். புது ஃப்யூஸும் உடனே போனால் மோட்டார் இறுகியிருக்கலாம். வண்டியை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். அப்புறம் ரிலே. பக்கத்தில் அதே வகை ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது சுலபம். ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் தொல்லை தலைகீழாகும். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்து, காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். அணைத்த பின் சில நிமிடம் ஓடி நின்றால் அது சில வண்டிகளின் இயல்பு, விட்டுவிடுங்கள்.

பலர் தடுமாறுகிற இடம் இனிமேல்தான். மோட்டார் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் கப்ளரை மாட்டினால் ஃபேன் சுற்றவில்லை. "சப்ளை வருது, மோட்டார் போச்சு" என்று புது மோட்டார் வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் சுற்றுவதில்லை. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை, ஃபேனோ 10 ஆம்பியருக்கு மேல் கேட்கும். வழியில் எங்கோ பின் தளர்ந்து அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 10 ஆம்பியர் ஓட முயன்றால் 5 வோல்ட் அங்கேயே தொலைந்து, 50 வாட் சூடாகக் கக்கும். கப்ளரைப் பிரித்துப் பாருங்கள்: பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு பக்கம் இளகியிருக்கும், பின் கருத்திருக்கும், ஒயர் தோல் விறைத்திருக்கும்.

இதற்குப் பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று போதும். 55 வாட் பல்ப் நாலரை ஆம்பியர் இழுக்கும். கப்ளரின் இரண்டு பின்களுக்கு நடுவே அதைப் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் சப்ளையும் எர்த்தும் நம்பத் தகுந்தவை, மோட்டாரைச் சந்தேகப்படலாம். மங்கினால் எர்த் பக்கத்தை நேராக பேட்டரி மைனஸில் வைத்துப் பாருங்கள். இப்போது பளிச்சிட்டால் பாடி எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே வேலை முடிந்தது, செலவு ஒரு துண்டு உப்புத்தாள். ஒரு எச்சரிக்கை: இந்தப் பல்பை சென்சார் ஒயரிலோ இசிஎம் ஒயரிலோ வைக்காதீர்கள், இசிஎம் போய்விடும்.

சப்ளை சரி, மோட்டார் சும்மா இருக்கிறது என்றால் அதன் உடம்பில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கிளம்பினால் மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டு வேக ஃபேன் உள்ள வண்டியில் மெதுவான வேகம் மட்டும் இல்லாமல் போனால், பல வண்டிகளில் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும்.

"டைரக்ட் குடுத்துடுறேன் சார்" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். சாவி போட்டதும் ஓடுகிற மாதிரி ஒயர் இழுத்துவிடுவார்கள், அதிலும் பெரும்பாலும் ஃப்யூஸ் இல்லாமல். கோளாறு அங்கேயே மறைந்து உட்கார்ந்திருக்கும், மோட்டார் தேவையில்லாத நேரமும் ஓடித் தேயும். ஊர் போய்ச் சேர அவசரத்துக்கு ஃப்யூஸோடு செய்தால் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

மோட்டார் மாற்றியோ ஒயரை வெட்டி ஒட்டியோ வேலை நடந்திருந்தால், பணம் கொடுக்குமுன் ஒரு காகிதத்தை ரேடியேட்டர் பக்கமாக, முன் கிரில்லில் பிடியுங்கள். சின்னக் கார்களில் ஃபேன் பெரும்பாலும் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை உள்ளே இழுக்கும், காகிதம் ஒட்ட வேண்டும். வெளியே பறந்தால் ஒயர் இரண்டும் மாறிவிட்டது, ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. சத்தம் சரியாக இருக்கும், முள் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.