கதவுக்கு வெளியே ஒரு குதிரை, உள்ளே ஒரு பாட்டு

அனைவருக்கும் வணக்கம்.

மரி லூயிட் என்பது பிரிட்டனின் வேல்ஸில், கிறிஸ்துமஸ் நாள்களில் ஒரு குதிரைத் தலையோடு வீடு வீடாகப் போய்ப் பாடும் வழக்கம். அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோர் கண்ணும் அந்தக் குதிரை மண்டையோட்டின் மேல்தான் போய் நிற்கிறது. போகட்டும், பார்க்க வேண்டிய பொருள்தான் அது. ஆனால் நான் இன்று அதிகம் பேச நினைப்பது வாசலில் நடக்கிற பாட்டுச் சண்டையைப் பற்றி. அந்தச் சண்டைதான் இந்த வழக்கத்துக்கு உயிர் என்பது என் உறுதியான எண்ணம்.

வேல்ஸ் நாட்டின் தென்பகுதி, கிளமோர்கன், குவென்ட் வட்டாரங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே மாலை நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரைக்கும், சில ஊர்களில் அதற்கு அப்புறமும், நாலிலிருந்து ஏழு பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து வீடு வீடாகப் போவார்கள். நிஜக் குதிரையின் மண்டையோட்டை ஒரு கழியின் நுனியில் பொருத்தி, பின்னால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருப்பார்கள். கழியைப் பிடித்திருப்பவர் துணிக்குள் மறைந்துவிடுவார். கண்குழிகளில் கண்ணாடித் துண்டுகள், தலையெங்கும் வண்ண ரிப்பன்கள். கீழ்த்தாடையில் கட்டிய கயிற்றை உள்ளிருந்து இழுத்தால் வாய் ‘டக் டக்’கென்று மூடித் திறக்கும். கோவர் தீபகற்பத்தில் விழா முடிந்ததும் மண்டையோட்டை மண்ணில் புதைத்துவைத்து, அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

சரி, வாசலுக்கு வருவோம். கதவு சாத்தியிருக்கும். வெளியே நிற்பவர்கள், “இதோ வந்துவிட்டோம், பாட அனுமதி கேட்டு” என்று வெல்ஷ் மொழியில் முதல் பாட்டை எடுப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் அதே மெட்டில் பதில் பாட வேண்டும். அனுமதி இல்லை, ஏன் இல்லை என்பதையும் பாட்டிலேயே சொல்ல வேண்டும். வெளியே இருந்து எதிர்ப்பாட்டு வரும். இதற்குப் புங்கோ என்று பெயர். நம் எசப்பாட்டு கேட்டவர்களுக்கு இதன் சூடு சட்டென்று பிடிபடும். உன் குரல் கரகர, நீ குடிகாரன், நீ கஞ்சன் என்று ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வார்கள். பாட்டின் அமைப்பைக் கவனியுங்கள். மூன்று குறுவரிகள் ஒரே இயைபில் முடியும். நாலாவது வரி தனியாக நிற்கும். மூன்றாம் வரியைத் திரும்பத் திரும்பப் பாடிவிட்டுத்தான் முடிப்பார்கள். அந்தச் சில நொடிகளில்தான் எதிராளி தன் பதிலைக் கோத்துக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டுச் சரக்குத் தீர்ந்த பக்கம் தோற்றது. வீட்டார் தோற்றால் கதவைத் திறந்து, கேக்கும் பீரும் தந்தாக வேண்டும்.

உள்ளே வந்ததும் குதிரை கனைத்துக்கொண்டு ஓடும், தாடையை அடித்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தும். சில குழுக்களில் பஞ்ச், ஜூடி என்று முகத்தில் கரி பூசிய இருவர் வருவார்கள், ஜூடியும் ஆண்தான். பஞ்ச் கையில் அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பி இருக்கும். வீட்டு அடுப்பில் எரிகிற நெருப்பை வெளியே இழுத்துப் போட்டுவிடுவான் என்பதால், அப்படிச் செய்யமாட்டேன் என்று கதவைத் திறக்கும் முன்பே வாக்கு வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் புத்தாண்டு முழுக்க மகிழ்ச்சியாக இருங்கள் என்று வாழ்த்துப் பாடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

இது எவ்வளவு பழையது? எழுத்தில் முதலில் கிடைப்பது 1800இல் வெளியான ஒரு பயண நூலில். வெல்ஷ் நாட்டுப்புற அறிஞர் அயோர்வர்த் பீட் இதைக் கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டின் எச்சம் என்றார். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் அதற்குச் சான்று இல்லை என்கிறார். நான் ஹட்டன் பக்கம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் கையில் இருந்த ஒரு கலைக்கு, ஆதி காலத்துச் சான்றிதழ் இருந்தால்தான் மதிப்பு என்று நான் நினைக்கவில்லை.

இதை வெறுத்தவர்களில் ஒருவர் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர். 1852இல் எழுதிய நூலில், இந்த மூடத்தனத்துக்கு அருங்காட்சியகத்தைத் தவிர வேறெங்கும் இடம் இருக்கக் கூடாது என்று கண்டித்தார். கண்டிப்பவர் முதலில் அது என்ன என்று காட்ட வேண்டும் அல்லவா? அதற்காக மரி லூயிட் பாட்டின் இருபது கண்ணிகளை முழுதாக அச்சிட்டுவிட்டார். ஒழிக்க எழுதிய அந்தப் புத்தகத்தால் அவை பிழைத்துக்கொண்டன. கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இன்று மரி லூயிட் இருக்கிறது. அவர் கேட்டதில் பாதி நடந்தது. ஆனால் மைஸ்டெக் அருகே உள்ள லங்கனூயிட் என்ற ஊரில் அது வெளியிலும் வீடு தேடிப் போய்க்கொண்டே இருந்தது.

மற்ற இடங்களில் இந்த வழக்கம் தேய்ந்துபோனதற்குத் தேவாலயங்களின் கண்டிப்பு ஒரு காரணம். என் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம் மொழி. நிலக்கரிச் சுரங்கங்களைத் தேடி வெளியூர் மக்கள் திரண்டு வந்த பள்ளத்தாக்குகள் இவை. 1901இல் வேல்ஸில் ஏறத்தாழ பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் 17.8 சதவீதம். கிண்டலுக்குக் கிண்டல், இயைபுக்கு இயைபு என்று நின்ற இடத்திலேயே கட்ட வேண்டுமானால், அந்த மொழியில் சண்டை போட்டு வளர்ந்திருக்க வேண்டும். கதவுக்கு உள்ளே பதில் பாட ஆள் இல்லாத வீட்டில் குதிரைக்கு என்ன வேலை?

இப்போது புது வேகம் தெரிகிறது. இங்கிலாந்து எல்லையோர ஊரான செப்ஸ்டோவில் ஜனவரியில் பல மரி லூயிட்கள் ஒன்றுகூடியிருக்கின்றன. அட்டையை மடித்துச் செய்யும் குதிரைத் தலைகள் பள்ளிகளுக்குப் போயிருக்கின்றன. உண்மையான மண்டையோடு இல்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. அந்தக் காலத்திலேயே மரத்திலும் காகிதத்திலும் செய்த தலைகள் இருந்தன. நான் கேட்பது வேறு. தலை செய்யச் சொல்லித் தரும் பள்ளி, பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து, நடுவே ஒரு கதவைச் சாத்தி, நாலு வரி வெல்ஷில் கட்டவும் சொல்லித் தரட்டும். எழுதிவைத்துப் பாடினாலும் சரி, இலக்கணம் உதைத்தாலும் சரி. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஒரு பதில் தோன்றிவிட்டால் போதும், மீதியைக் குதிரை பார்த்துக்கொள்ளும்.